பாட வராத ரசிகர் அகபெல்லா பயிலரங்குக்குப் போகலாமா?

கேள்வி இது: “லண்டனில் வேலை. வாத்தியமே இல்லாமல் குரலாலேயே எல்லாம் செய்கிற அகபெல்லா குழுக்கள் என்றால் எனக்கு உயிர். எனக்குப் பிடித்த குழு ஒன்று சனிக்கிழமை பகலில் பயிலரங்கும் அன்று மாலையே கச்சேரியும் நடத்துகிறது. இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் இருக்கிறது. எனக்குப் பாட வராது, வெறும் ரசிகன். பயிலரங்குக்குப் போய் என்ன செய்யப்போகிறேன்? தனியாகப் போனால் ஒருமாதிரி இருக்குமா?”

போங்கள். கச்சேரிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு பயிலரங்கை விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கும், அதை ஓரமாக வையுங்கள். பயிலரங்கு பாடகர்களுக்கானது என்று பெயருக்குப் போட்டிருப்பார்கள். என் அனுபவத்தில் அதிகம் லாபம் அடைவது நம்மைப் போல் சும்மா கேட்கிற ஆட்கள்தான். காலையில் ஒரு வரியை, தப்புத்தப்பாகவாவது, நான்கு குரல்களுக்கு நடுவில் நின்று பாடிவிட்டால், மாலையில் அதே குழு மேடையில் பாடுவது வேறு மாதிரி கேட்கும். அது எப்படி என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன். அவசரம் என்றால் நடுவில் வரும் காந்தாரக் கதையை, அதாவது ‘க’ சுரத்தின் கதையை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

முதலில் ஒரு சின்ன முன்கதை. ‘அ கப்பெல்லா’ என்பது இத்தாலியச் சொல். தேவாலயப் பாணியில் என்று பொருள். ரோமில் போப்பாண்டவரின் சிஸ்டைன் சேப்பலில் ஆர்கன்கூட இல்லாமல் குரல் மட்டும் வைத்துப் பாடியதுதான் இதற்கு முன்மாதிரி. இன்று அந்தப் பெயரில் என்னென்னவோ இருக்கிறது. 1968-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி மாணவர்களிலிருந்து கிளம்பிய கிங்ஸ் சிங்கர்ஸ் ஆறு ஆண்கள். பெரும்பாலும் மைக் இல்லாமலே பாடுவார்கள். இன்னொரு பக்கம் ஸ்விங்கிள்ஸ். அமெரிக்காவில் பிறந்த வார்ட் ஸ்விங்கிள் 1962-ல் பாரிஸில், ஸ்டூடியோக்களில் பின்குரல் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த சிலரைச் சேர்த்து, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய கீபோர்டு உருப்படிகளை ‘டூ-பி-டூ’ என்று வாயால் பாடிப் பழகியதில் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் அவர்களுடைய முதல் ரெக்கார்டில் டிரம்ஸும் டபுள் பேஸும் உண்டு. கண்டிப்பாகப் பார்த்தால் அது அகபெல்லாவே இல்லை! வார்ட் ஸ்விங்கிள் 1973-ல் லண்டனில் புதுக்குழு ஆரம்பித்தார். ஆட்கள் மாறி மாறி இன்றும் அந்தப் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது, இப்போது ஏழு பேர், ஆளுக்கொரு மைக்.

நம் காதுக்கு இதெல்லாம் அந்நியம் என்று நினைக்க வேண்டாம். 1993-ல் வந்த ‘திருடா திருடா’ படத்தில் சாகுல் ஹமீது பாடிய ‘ராசாத்தி’யை எத்தனை முறை கேட்டிருப்போம்? ரஹ்மான் அதில் வாத்தியத்தைத் தொடவே இல்லை. முன்னால் ஒரு குரல், பின்னால் கோரஸ், அவ்வளவுதான். என் நண்பர் ஒருவர் அந்தப் பாட்டை இருபது வருடம் கேட்டபிறகு, “அட, இதில் தபேலாகூட இல்லையா?” என்று கேட்டார். இல்லாதது தெரியாதபடி செய்வதுதான் இந்தக் கலையின் சூட்சுமம். அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுவதுதான் பயிலரங்கு.

நான் முதன்முதலில் போனது லண்டன் அகபெல்லா விழாவுக்கு. 2010-ல் ஸ்விங்கிள்ஸ் முன்னின்று தொடங்கிய விழா அது. ஜனவரி மாதம், கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கிங்ஸ் பிளேஸ் கட்டடத்தில் நடந்தது. அந்த அரங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கச்சேரிக் கூடங்கள் தரைக்குக் கீழே இருக்கின்றன. பெரிய கூடத்தில் 420 இருக்கைகள். உள்சுவர் முழுக்க மெல்லிய ஓக் பலகை, அத்தனையும் ஒரே ஒரு ஜெர்மானிய மரத்திலிருந்து சீவி எடுத்தது. இருமினால்கூட அழகாகக் கேட்கும், அதனால் யாரும் இருமத் துணிவதில்லை. பயிலரங்கு நடந்தது அந்தக் கூடத்தில் இல்லை, பக்கத்தில் ஒரு சாதாரண அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். எந்தக் குழு நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றக் குழுக்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

போனதும் பாடச் சொல்லவில்லை. முதல் கால் மணி நேரம் குழந்தை விளையாட்டு மாதிரி இருந்தது. தோளைக் குலுக்குவது, கொட்டாவி விடுவது, உதட்டை ஒன்றோடொன்று படபடக்கவிட்டு ‘ப்ர்ர்ர்’ என்று கீழிருந்து மேலே போய் மேலிருந்து கீழே வருவது. நாற்பது பெரியவர்கள் ஜனவரிக் குளிரில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆட்டோ ஸ்டார்ட் செய்வது போல் சத்தம் போட்டதைப் பார்த்ததும் என் கூச்சம் பாதி போய்விட்டது. நடத்துகிறவர்கள் வேண்டுமென்றேதான் இப்படி ஆரம்பிக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. எல்லாரும் ஒரே அளவு அசடாகிவிட்டால் யாரும் யாரையும் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை.

பிறகு குரல் பிரித்தார்கள். உயர்ந்த பெண்குரல் சொப்ரானோ, தாழ்ந்த பெண்குரல் ஆல்ட்டோ, உயர்ந்த ஆண்குரல் டெனர், அடிக்குரல் பேஸ். உங்களுக்கு எது என்று தெரியாவிட்டால் கவலை வேண்டாம், பேசுகிற குரலை வைத்தே ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். நான் பேஸ். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஐந்து கோட்டு மேற்கத்திய நொட்டேஷன். எனக்கு அது சுத்தமாகப் படிக்க வராது. சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் மூன்று வருடம் போய் இரண்டு வர்ணம் வரை வந்து நின்றுபோன ஆள் நான். பேஸ் வரியை அவர்கள் இரண்டு முறை பாடிக் காட்டியதும், பென்சிலை எடுத்துச் சொற்களுக்கு மேல் ‘ஸ ஸ ப… ம ம ஸ’ என்று தமிழில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து இது என்ன சங்கேத மொழி என்று கேட்டார். நீங்களும் அப்படியே செய்யலாம். நொட்டேஷன் தெரியாதவர்களுக்கு எப்படியும் வாயால்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பென்சில் மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

இங்கேதான் நம் ஆட்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் சங்கீதம் ஒரே கோட்டில் போவது. பாடுகிறவர் ஒரு சுரத்தில் இருந்தால் வயலினும் அங்கேதான் இருக்கும். சேர்ந்து பாடுவது என்றால் எல்லாரும் ஒரே சுரத்தைப் பிடிப்பது. பஜனையிலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்துத் தமிழ்த்தாய் வாழ்த்திலும் அப்படித்தான். பக்கத்தில் ஒருவர் காந்தாரத்தில் நிற்கும்போது நான் சட்ஜமத்திலேயே நிற்க வேண்டும் என்பது நம் உடம்புக்குப் பழக்கமில்லாத வேலை. காது தானாக மெட்டைத் தேடிப் போகும், வாய் பின்னாலேயே போகும். முதல் தடவை எல்லாக் குரலும் சேர்ந்ததும் மூன்றாவது சொல்லுக்குள் நான் சொப்ரானோ மெட்டை அடிக்குரலில் பாடிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாது. நடத்தியவர் சிரித்துக்கொண்டே, “எங்களுக்கு ஒரு புது சொப்ரானோ கிடைத்திருக்கிறார்” என்று என் பக்கம் கைகாட்டினார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அதற்கு அவர்கள் வைத்திருந்த வைத்தியம் விசித்திரமானது. ஒரே குரல்காரர்களை ஒன்றாக நிற்கவிடாமல் கலைத்துவிட்டார்கள். ஒரு சொப்ரானோ, ஒரு ஆல்ட்டோ, ஒரு டெனர், ஒரு பேஸ் என்று நான்கு நான்கு பேராகச் சின்ன வட்டங்கள். ஒளிந்துகொள்ள ஆள் கிடையாது. என் வட்டத்து ஆல்ட்டோ எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள், கம்பளிச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. பல வருடமாகத் தன் ஊர் தேவாலயத்தில் பாடுகிறவராம். நான் மெட்டைப் பார்த்து நழுவ ஆரம்பிக்கும்போதெல்லாம், பாட்டை நிறுத்தாமலே, இரண்டு விரலால் என் முழங்கையைத் தட்டுவார். தட்டியதும் என் ‘ஸ’ ஞாபகம் வரும். முதல் சுற்றில் ஆறேழு தட்டு, நான்காவது சுற்றில் ஒன்று.

இப்போது அந்தக் காந்தாரக் கதை. ஒரு கட்டத்தில் பாட்டை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கார்டை மட்டும் பிடிக்கச் சொன்னார்கள். கார்ட் என்றால் சில சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிப்பது. பேஸ் ஸ, டெனர் ப, ஆல்ட்டோ க, சொப்ரானோ மேல் ஸ. முதலில் பியானோவில் அந்தக் கட்டைகளைத் தட்டி அதோடு சேர்த்துப் பாட வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு பியானோவை நிறுத்திவிட்டு ஆல்ட்டோக்களை மட்டும் பார்த்து, உங்கள் சுரத்தைக் கடுகளவு கீழே இறக்குங்கள் என்றார் நடத்தியவர். அந்த அம்மாள் இறக்கினார். அவ்வளவுதான், அறையில் என்னவோ நடந்தது. ஒரு லேசான நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது, அது நின்றுபோனது. நின்ற இடத்தில், எங்கள் தலைக்கு மேலே, யாருமே பாடாத ஒரு மெல்லிய உச்ச ஒலி மணி மாதிரி கேட்டது. எனக்குச் சட்டென்று வாத்தியார் வீட்டுத் தம்பூராதான் ஞாபகம் வந்தது. நல்ல தம்பூராவைச் சரியாகச் சுருதி சேர்த்து மீட்டினால், ப-வும் ஸ-வும்தான் கட்டியிருக்கும், ஆனால் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து ஒரு அந்தர காந்தாரம் தானாகக் கிளம்பும். சுயம்பு காந்தாரம் என்பார் வாத்தியார். “கேக்குதாடா?” என்று கேட்பார். கேட்காவிட்டாலும் கேட்கிறது என்று தலையாட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான், கிங்ஸ் கிராஸில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அறையில், எனக்கு அது நிஜமாகவே கேட்டது.

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பேஸ் பாடும் ஸ நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இயற்கையான அந்தர காந்தாரம் 5-க்கு 4 என்ற விகிதத்தில் 250. பஞ்சமம் 3-க்கு 2, அதாவது 300. ஆனால் பியானோவில் எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதியாக 12 கட்டைகளையும் சம இடைவெளியில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதனால் பியானோ காந்தாரம் ஏறக்குறைய 252. வெறும் இரண்டு அதிர்வுதானே என்று தோன்றும். எந்தக் குரலிலும் அடிப்படைச் சுரத்துக்கு மேலே அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கும். 200-ன் ஐந்தாம் மடங்கு 1000. 252-ன் நான்காம் மடங்கு 1008. இந்த இரண்டும் மோதுவதால் நொடிக்கு எட்டு முறை அதிர்கிற ஒரு நடுக்கம் வரும். 250-க்கு இறக்கினால் இரண்டுமே 1000, மோதல் இல்லை, ஒன்றை ஒன்று தூக்கிக்கொடுக்கும். தலைக்கு மேல் கேட்ட மணிச்சத்தம் அதுதான். பஞ்சமத்தில் பியானோவுக்கும் இயற்கைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை, காந்தாரத்தில்தான் இத்தனை வம்பு. அகபெல்லா குழுவில் காந்தாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த நொடியில் பொறுப்பு அதிகம். கார்டுக்குக் கார்ட் அந்தப் பொறுப்பு கை மாறிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு சுவாரசியம். ஒவ்வொரு கார்டையும் இப்படிச் சுத்தமாகப் பாடிக்கொண்டே போனால், சில வகைப் பாட்டுகளில், சுற்றி வந்து ஆரம்பித்த கார்டுக்கே திரும்பும்போது சுருதி நூலளவு நகர்ந்திருக்கும். யாரும் தப்பாகப் பாடாமலே! 16-ஆம் நூற்றாண்டிலேயே பெனடெட்டி என்ற இத்தாலியக் கணித மேதை இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஆகவே குழு சுருதி இறங்கிவிட்டது என்று ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் களைப்போ கவனக்குறைவோதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் அதுதான் காரணம் என்பது வேறு விஷயம்.

மதியத்துக்கு மேல் பீட்பாக்ஸ், அதாவது டிரம்ஸ் செட்டின் சத்தங்களை வாயாலேயே போடுவது. அதில் நமக்கு ஒரு சலுகை உண்டு. ‘ப்’ என்று உதட்டில் வெடித்தால் கிக் டிரம், ‘ட்ஸ்’ என்றால் ஹை-ஹாட், ‘க்’ என்று தொண்டையோரம் வெட்டினால் ஸ்னேர். இதற்கு ஆங்கிலத்தில் ‘பூட்ஸ் அண்ட் கேட்ஸ்’ என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். தாளச் சொற்களை வாயாலேயே சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவனுக்கு இது ஒரு பொருட்டா? ‘தகதிமி’யை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு மேலே இந்தச் சத்தங்களைப் போட்டேன். அறையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதற்குத்தான். ஆனால் மூச்சு வாங்க நேரம் இல்லாமல் முப்பதே நொடியில் முகம் சிவந்துபோனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடையில் அதை மூன்று நிமிடம் செய்கிறவர் மூச்சை எங்கே ஒளித்து இழுக்கிறார் என்று அன்று மாலை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கிற மூச்சையே ஸ்னேர் சத்தமாக மாற்றிக்கொள்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

சரி, டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. எல்லாப் பயிலரங்கும் ஒன்றுபோல் இருக்காது. ‘வாருங்கள், பாடுங்கள்’ வகை உங்களுக்கானது, யார் வேண்டுமானாலும் வரலாம். ‘மாஸ்டர்கிளாஸ்’ என்று இருந்தால் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த ஓரிரு குழுக்கள் முன்னால் பாட, பயிலரங்கை நடத்துகிறவர்கள் அவற்றைத் திருத்துவார்கள். நீங்கள் பார்வையாளராக உட்காரலாம். அதுவும் நல்ல அனுபவம்தான், இன்னும் சொல்லப்போனால் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அதுவே போதும். மூன்றாவது வகை வட்டப் பாட்டு. பாபி மெக்ஃபெரின், 1988-ல் வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தவர், பரப்பிய முறை. 1997-ல் ‘சர்க்கிள்சாங்ஸ்’ என்றே ஒரு ஆல்பம் போட்டார். தாள் கிடையாது, சொல் கிடையாது. நடுவில் நிற்பவர் அந்த இடத்திலேயே ஒரு சின்ன வரியைக் கற்பனை செய்து ஒரு பக்கத்துக்குக் கொடுப்பார், அவர்கள் அதையே திரும்பத் திரும்பப் பாட, அடுத்த பக்கத்துக்கு வேறு வரி. அடுக்கு மேல் அடுக்காக அது வளரும். நொட்டேஷனைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு இதுதான் நல்ல வாசல்.

எந்த வகை என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். போடவில்லை என்றால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், தாள் முன்கூட்டியே வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒருமுறை கேட்காமல் போய் ஏமாந்திருக்கிறேன். ஊரும் குழுவும் வேண்டாம். இரண்டு மணி நேரப் பயிலரங்கில் ஒன்றேகால் மணி நேரம் அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், எந்த நாட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்ற கதை. கடைசியில் ஒரு பாட்டை அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு சட்டை விற்கும் மேசைக்கு வழிகாட்டினார்கள். ரசிகனாக அந்தக் கதைகள் எனக்குப் பிடித்துத்தான் இருந்தன, அதை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு ‘ரசிகர் சந்திப்பு’ என்று பெயர் வைத்திருக்கலாம்.

ரசிகர் என்ற முறையில் அங்கே எப்படி நடந்துகொள்வது என்றும் உங்களுக்குள் ஒரு தயக்கம் இருக்கும். செல்ஃபியை முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்ட் செய்வதற்கு முன் கேளுங்கள், பெரும்பாலும் உங்கள் பாகத்தை மட்டும் பதிவுசெய்ய அனுமதிப்பார்கள். தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். அதை எழுதியவருக்கு அதுதான் பிழைப்பு, அவர்கள் தளத்திலேயே விலைக்குக் கிடைக்கும். கேள்வி நேரத்தில், எப்படி இவ்வளவு அழகாகப் பாடுகிறீர்கள் என்று கேட்டால் சிரித்துவிட்டு நன்றி சொல்வார்கள், அத்தோடு முடிந்தது. அதற்குப் பதில், இந்தப் பாட்டில் இந்த நீள வரியில் யார் எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், தங்களுக்குள் சின்னதாகச் சண்டைகூடப் போட்டார்கள்.

அப்புறம் முறுக்கு விஷயம். அன்புக்கு அடையாளமாக வீட்டில் சுட்ட முறுக்கு ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர்கள் எதிர்ப்பட்டபோது நீட்டினேன். ஏழு பேரும் டப்பாவைப் பார்த்தார்கள், மணத்தை இழுத்தார்கள், ஒருவர் கைகூட நீளவில்லை. காய்ந்த துகள் ஒன்று தொண்டையில் சிக்கினால் மாலையே போச்சு என்று பேஸ் பாடகர் சங்கடத்தோடு விளக்கினார். கச்சேரி முடிந்த பத்தாவது நிமிடம் டப்பா காலி. சாப்பாட்டு அன்பளிப்பு எதுவானாலும் பாடி முடித்தபிறகு கொடுங்கள். கச்சேரிக்கு முன் அவர்கள் அதிகம் பேசாமல் விலகிப் போனாலும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்க நமக்குச் சொல்லிக்கொடுத்தே பாதிக் குரல் செலவாகியிருக்கும்.

மாலைக் கச்சேரிக்கு வருவோம். இருக்கை பற்றி முதலில். மைக் வைத்துப் பாடும் குழு என்றால் ஒலிப்பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். அவருக்குக் கேட்பதுதான் அவர் எல்லாருக்கும் கொடுக்க நினைப்பது. முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு ஸ்பீக்கரைத்தான் கேட்பீர்கள். மைக் இல்லாத குழு என்றால், அதுவும் கல் தேவாலயம் என்றால், ரொம்பப் பின்னால் போகாதீர்கள். எதிரொலியில் சொற்கள் குழம்பிவிடும்.

விளக்கு அணைந்ததும் பாட்டைக் கேட்பதற்கு முன் கைகளைப் பாருங்கள். யாரோ ஒருவர் உள்ளங்கைக்குள் வட்டமான ஒரு சின்ன ஊதுகுழலை வைத்திருப்பார், பாட்டுக்கு முன் மெல்ல ஊதுவார். சில குழுக்களில் ஒருவர் முனகுவதோடு சரி. அந்த ஒரு சுரத்திலிருந்து ஒவ்வொருவரும் தன் தொடக்கச் சுரத்தை மனசுக்குள் எண்ணிப் பிடித்துக்கொள்கிறார். காலையில் நான் இதைச் செய்ய முயன்று நான்கு முறை தோற்றேன், அதனால்தான் மாலையில் அதைப் பார்க்கும்போதே உள்ளங்கை வியர்த்தது. பிறகு மூச்சு. எல்லாத் தோளும் ஒன்றாக ஏறும், அந்த மூச்சின் வேகத்திலேயே பாட்டின் காலப்பிரமாணம் இருக்கும். தாளம் போட ஆள் இல்லாத இடத்தில் மூச்சுதான் தாளம். சொல்லின் முடிவில் வரும் ‘ஸ்’ஸைக் கவனியுங்கள். ஆறேழு பேரும் சொன்னால் பாம்பு சீறுவது போல் இருக்கும் என்பதால் பல குழுக்களில் அதை ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்துவிடுவார்கள். மற்றவர்கள் வாயைத் திறந்தபடி அதை விழுங்கிவிடுவார்கள். இதைப் பயிலரங்கில் சொல்லிக்கொடுத்தபோது ஏதோ ஏமாற்று வேலை போல் இருந்தது. அரங்கில் ஒரு மெல்லிய ஒற்றை ‘ஸ்’ மட்டும் வந்து விழுந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

அடிக்குரல் ரசிகராக இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பேஸ் பாடகர் மைக்கை ஏறக்குறைய உதட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பார். வாய் நெருங்க நெருங்க அந்த வகை மைக் தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் கொடுக்கும். சில குழுக்கள் குரலை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் கருவியையும் வைத்துக்கொள்கின்றன. இது குரலா கருவியா என்று ரசிகர்களிடையே ஓயாத சண்டை உண்டு. எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ 1968-ல் தன் ‘சின்ஃபோனியா’வை ஸ்விங்கிள் குழுவின் எட்டுக் குரல்களை மனதில் வைத்து எழுதியபோதே, ஆர்கெஸ்ட்ராவுக்கு நடுவில் அந்தக் குரல்களுக்கு மைக் வேண்டும் என்றுதான் எழுதினார். மைக் இந்தக் கலைக்குள் நேற்று வந்த திருடன் அல்ல. ஆனால் கடைசிப் பாட்டுக்கு மைக்குகளைக் கீழே வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து நின்றார்கள் என்றால், அதுவரை கேட்டதெல்லாம் மறந்துபோகும்.

அப்படித்தான் அன்றும் முடிந்தது. கைதட்டும் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை. கடைசி கார்டை விட்டதும் ஒலி உடனே சாகாது, சுவரெல்லாம் சுற்றிவிட்டு மெதுவாகப் போகும். பாடுகிறவர்களின் தோள் இறங்கும்வரை காத்திருங்கள்.

தனியாகப் போனால் ஒருமாதிரி இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் தனியாகத்தான் போனேன். என் வரிசைக்கு இரண்டு வரிசை முன்னால் அந்த ஆல்ட்டோ அம்மாள் உட்கார்ந்திருந்தார். மைக் இல்லாத அந்தக் கடைசிப் பாட்டில், காலையில் எங்களைப் பிடிக்கச் சொன்ன அதே மாதிரி ஒரு கார்ட் வந்தது. பேஸ் ஸ-வில் நின்றார், காந்தாரம் கடுகளவு இறங்கியது, ஓக் பலகைகளுக்கு மேலே எங்கேயோ அந்த மணி கேட்டது. அம்மாள் மெல்லத் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, தன் முழங்கையை இரண்டு விரலால் தட்டிக் காட்டினார்.